முப்பது விநாடி அணைந்திருந்த விளக்கு

போன மாதம் தனலெட்சுமி போன் செய்தாள். தெப்ராவில் இருக்கும் சர்வர் சோதனைக்கூடத்துக்கு இப்போது அவள்தான் தலைவி. நான் ஓய்வு பெறும்வரை அவளும் நானும் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் பதினான்கு வருடம் உட்கார்ந்தவர்கள். புதிதாக வந்த ஓர் இன்ஜினியர் பெண் சோதனைப் பட்டியலில் ஏதோ ஒரு வரியைச் சேர்க்கப் போயிருக்கிறாள். கணினி அதை ஏற்கவில்லை. 'ராமையா விதிப்படி நிராகரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் காட்டியிருக்கிறது. அந்தப் பெண் தனத்திடம் வந்து, "மேடம், ராமையாங்கிறது எதோட சுருக்கம்?" என்று கேட்டாளாம். ஏழு ஆங்கில எழுத்துக்கும் ஏழு சொல் தேடிப் பார்த்தாளாம். கிடைக்கவில்லையாம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"அது ஒரு மனுசன்மா, கூலாய்ல இருக்காரு, கேட்டா ரெண்டு மணி நேரம் சொல்வாருன்னேன்."

இரண்டு மணி நேரமெல்லாம் ஆகாது, எழுதியே தருகிறேன், கூடத்தில் எல்லாரும் படிக்கட்டும் என்றேன். அதுதான் இது.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். அந்த வகுப்பின் அரசாங்கத் தேர்வான எஸ்.ஆர்.பி.யில் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று. குளுவாங்கிலிருந்து பஸ் ஏறி செனாய் பக்கம் வந்து, கணினி டிஸ்க் செய்யும் தொழிற்சாலையில் முகமூடியும் வெள்ளை அங்கியும் மாட்டிக்கொண்டு நின்றபோது வயது பதினேழு. திருகு முடுக்கும் வரிசையில் ஆரம்பித்து, செய்து முடித்த டிஸ்க்குகளைச் சூட்டறையில் வைத்துச் சோதிக்கும் பிரிவுவரை அங்கேயே ஏறினேன். பிறகு இரண்டு வருடம் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை. அதற்குப் பிறகு தெப்ராவ். லினக்ஸ் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கட்டளைகளை அட்டைப்பெட்டித் துண்டுகளில் எழுதி மேசைக்கு மேலே செருகி வைத்துப் படித்தேன். என் ஆங்கிலம் லாக்கில் படித்த ஆங்கிலம். லாக் என்பது சர்வர் தனக்கு நடப்பதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கும் குறிப்பு. ஃபெயில்ட், ரீட்ரை, டைம் அவுட், ரெக்கவர்ட். இந்த நான்கு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஜொகூரில் வீடு வாங்கலாம். நான் வாங்கியிருக்கிறேன்.

இதை இரக்கப்படச் சொல்லி எழுதவில்லை. என்னோடு இருந்த பட்டதாரிகளில் எத்தனை பேர் என் மேசைக்கு வந்து நின்றார்கள் என்று தனத்தையே கேட்டுப் பாருங்கள். அவள் குறைத்துத்தான் சொல்வாள். அப்படியும் அது பெரிய எண்ணாகத்தான் இருக்கும்.

என் மேலதிகாரி சாகுல் சார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பம். இங்கிலாந்தில் போய்ப் படித்தவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு கொடுமை உண்டு. எந்தக் கோளாறை எடுத்துக்கொண்டு போனாலும் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். திரையைப் பார்க்க மாட்டார். "முதல் வரியிலேர்ந்து வாசிங்க. அப்புறம் பேசுங்க," என்பார். லாக்கில் முந்நூறு வரி இருந்தால் முந்நூறையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். நேரம், எண், புள்ளி எதையும் விடக் கூடாது. நடுவில் யாராவது "எனக்கென்னமோ கேபிள்னு தோணுது சார்" என்று ஆரம்பித்தால், கையில் இருக்கும் சீனியில்லாத தேநீரை மேசையில் வைப்பார். வைத்தால் பொருள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மறுபடி முதல் வரி. முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் ஒரே மதியத்தில் நான்கு முறை முதல் வரிக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நான் ஒரே நாளில் அதிகபட்சம் போனது இரண்டு முறை.

முதலில் எனக்கு இது அவமானமாக இருந்தது, என் ஆங்கில உச்சரிப்பை வைத்துக்கொண்டு. மூன்று மாதத்தில் புரிந்துவிட்டது. கண்ணால் படிக்கிறவன் தெரிந்த வரியைத் தாண்டிக் குதிப்பான். வாயால் படிக்கிறவனால் குதிக்க முடியாது.

இனி அந்தச் சோதனை. எங்களிடம் வந்த பெரிய சர்வர் ஒவ்வொன்றிலும் அறுபத்து நான்கு புரோசசர்கள். அதில் ஒன்று சுகமில்லாமல் போனால், இயந்திரத்தை நிறுத்தாமலே அதை மட்டும் வேலையிலிருந்து கழற்ற வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். கழற்றுவது என்றால் மூடியைத் திறந்து பிடுங்குவதில்லை. ஒவ்வொரு புரோசசர் பெயரிலும் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதில் பூஜ்யம் எழுதினால் அது விலகிவிடும். ஒன்று எழுதினால் திரும்ப வரும். சும்மா இருக்கும்போது கழற்றுவது யாராலும் முடியும். டிஸ்க்கில் மூச்சு விடாமல் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்ற வேண்டும். அதுதான் சோதனை.

புரோசசரையும் டிஸ்க்கையும் மேய்ப்பது லினக்ஸின் நடுப்பகுதியான கெர்னல். அதற்கு ஏதாவது ஒவ்வாமல் போனால் லாக்கில் 'வார்னிங்' என்று போடும். நிரலில் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் ஒவ்வாமல் போனது என்பதையும் சேர்த்து எழுதும். இந்த வரி எண் முக்கியம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால் வந்ததுதான் பின்னால் வரும் கதை.

முதன்முதலில் இந்தச் சோதனையில் வந்த வார்னிங், 'வேலை தவறான புரோசசரில் ஓடுகிறது' என்பது. பத்து முறை கழற்றினால் ஒரு முறை வரும், சில நாள் வராது. இன்ஜினியர்கள் கேபிளை மாற்றினார்கள், டிஸ்க்கை மாற்றினார்கள், போர்டையே மாற்றினார்கள். நான் லாக்கை வாசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் வாசிக்கும்போது பாலத்துச் சோதனைச்சாவடி ஞாபகம் வந்தது. மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்கிறீர்கள். ஒருவர் ஏழாம் கவுண்டருக்குப் போகச் சொல்லிக் கை காட்டுகிறார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் ஏழை மூடிவிடுகிறார்கள். நீங்கள் எட்டில் போய் நிற்பீர்கள். எட்டில் இருப்பவர், நீ என் வரிசை இல்லையே என்று முறைப்பார். முறைத்துக்கொண்டே முத்திரை குத்திவிடுவார். அந்த முறைப்புதான் இந்த வார்னிங். கெர்னல் ஒரு புரோசசரைத் தேர்ந்தெடுத்து வேலையை அனுப்புகிறது. வேலை போய்ச் சேர்வதற்குள் நாம் அந்தப் புரோசசரைக் கழற்றிவிடுகிறோம். வேலை பக்கத்துப் புரோசசரில் முடிகிறது. நஷ்டம் ஒன்றும் இல்லை.

சாகுல் சாரிடம் இப்படியே சொன்னேன். நாற்காலியைத் திருப்பினார்.

"அண்ணே, இதத்தான் நேத்து ஒருத்தர் நாப்பது ஸ்லைடு போட்டுச் சொன்னாரு. எனக்கு இப்பதான் புரியுது."

நான் உடனே வெளியே போய் இதை நான்கு பேரிடம் சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது?

நஷ்டமில்லாத வார்னிங்குகளுக்கு எங்களிடம் ஒரு விலக்குப் பட்டியல் இருந்தது. அதில் சேர்த்துவிட்டால் சோதனை முடிவில் அந்த வார்னிங் காட்டப்படாது. கூடத்து வழக்கப்படி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைப் போட்டவர் பெயர் இருக்கும். ஆனால் ஒரு தொல்லை. சில வாரங்களுக்கு ஒரு முறை புதிய கெர்னல் வரும். வரும்போதெல்லாம் நிரலின் வரி எண்கள் மாறும். பட்டியலையும் திருத்த வேண்டும். நான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கோப்பின் பெயரை எழுதி, வரி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். 'எந்த எண்ணாக இருந்தாலும் சரி' என்று அதற்குப் பொருள். பக்கத்தில் ராமையா என்று என் பெயர். ஒரு தடவை போட்டது, பிறகு யாரும் தொட வேண்டியதில்லை. கூடமே என்னைப் பாராட்டியது.

தனம் மட்டும், "ராமையாண்ணனுக்கு இங்க ரெண்டு வேலை. ஒண்ணு டெஸ்ட் பண்றது, இன்னொண்ணு பண்ணினதச் சொல்லிக் காட்டுறது. ரெண்டாவதுக்கு ஓவர்டைம் குடுக்கலாம்லா," என்றாள்.

ஒரு வருடம் ஓடியது.

அந்த வருடம் சாகுல் சார் எனக்காக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். நான் டெக்னீஷியனாகச் சேர்ந்தவன், டெக்னீஷியனாகவே இருந்தேன். என் பெயரை இன்ஜினியர் பதவிக்கு எழுதிப் போட்டார். மூன்றாம் படிவம் படித்தவனை எப்படி இன்ஜினியர் ஆக்குவது என்று தலைமையகம் கேட்டது. அவர் விடவில்லை. மூன்று மாதம் கடிதம் போய்வந்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள்: முந்திய ஒரு வருடத்தில் என் பெயரில் ஒரு சோதனைத் தவறுகூட இருக்கக் கூடாது. அப்படி இல்லையென்று மேலதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் வெள்ளிக்கிழமை போக வேண்டியது. அது சாகுல் சார் மேசைமேல் மஞ்சள் உறையில் இருந்தது. கூடத்துக்குப் போகிற வழியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியும். நான் அந்த வாரம் தேவைக்கு அதிகமாகவே அந்த வழியில் நடந்தேன்.

வியாழக்கிழமை மதியம். வெளிநாட்டு ரயில் நிலையங்களில், அட்டையைத் தொட்டால் கதவு திறக்கும் அமைப்புக்காக அறுபது சர்வர்கள். முப்பத்தாறு ஏற்கெனவே பிளாஸ்டிக் சுற்றிப் பலகைமேல் ஏறிவிட்டன. கடைசி இருபத்து நான்கு மட்டும் ரேக்கில், கடைசிச் சோதனையில். நாலு மணிக்கு பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லோரி. அந்த மாதம்தான் தனம் சோதனையை மாற்றியிருந்தாள். அதுவரை ஒரு புரோசசரைக் கழற்றி, திருப்பிப் போட்டு, பிறகு அடுத்தது என்று போவோம். அவள் நிரல், கையில் வந்ததைப் பத்துப் பதினைந்தாகச் சேர்த்துக் கழற்றும்.

நான் தேநீர் டம்ளரோடு ரேக்குக்கு முன்னால் நின்றேன். இருபத்து நான்கு சர்வரிலும் டிஸ்க்கின் பச்சை விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது தட்டில் ஒன்று அணைந்தது. டிஸ்க் தொழிற்சாலையில் பல வருடம் விளக்குப் பார்த்தவன் நான். எழுத்து ஓடும்போது விளக்கு இப்படி அணையாது. எண்ண ஆரம்பித்தேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மறுபடி சிமிட்டியது, ஒன்றும் நடக்காததுபோல. பத்து நிமிடம் கழித்துத் திரையில் அந்தச் சர்வருக்கும் பச்சையில் 'பாஸ்' என்று வந்தது. வார்னிங் இல்லை, தவறு இல்லை.

என்னைத் தவிர வேறு யார் நின்றிருந்தாலும் அதோடு போயிருப்பார்கள். இது பெருமை இல்லை. நான் மட்டும்தான் திரையைப் பார்க்காமல் விளக்கைப் பார்க்கிறவன்.

முடிவுத் தாளை விட்டுவிட்டு, வடிகட்டாத லாக்கைத் திறந்தேன். வாய்விட்டு வாசித்தேன். விளக்கு அணைந்த அதே நேரத்தில் ஒரு வார்னிங். பழைய அதே கோப்பு. ஆனால் வரி எண் வேறு, செய்தியும் வேறு. 'புரோசசரே இல்லாத வரிசையில் வேலை நிற்கிறது' என்று இருந்தது. முப்பது விநாடி கழித்து இன்னொரு வரி: டைம் அவுட், ரெக்கவர்ட். கெர்னல் காத்திருந்து பார்த்து, பதில் வராததால் தானே போய் டிஸ்க்கை எட்டிப் பார்த்து, வேலை எப்போதோ முடிந்து கிடப்பதைக் கண்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் எல்லாம் சரியாக முடிந்ததால் பாஸ். காலை ஏழு மணிக்கு முப்பது விநாடி கதவு திறக்காத ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய வார்னிங் முடிவுத் தாளில் ஏன் வரவில்லை? விலக்குப் பட்டியலைத் திறந்தேன். திறக்கும்போதே தெரிந்துவிட்டது. அந்தக் கோப்பு, எந்த எண்ணாக இருந்தாலும் சரி. நட்சத்திரம். பக்கத்தில் ராமையா.

"தனம், இங்க கொஞ்சம் வா," என்றேன்.

வந்து குனிந்து பார்த்தாள். லாக்கைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், கண்ணாடி வழியாக சாகுல் சார் மேசைமேல் இருந்த மஞ்சள் உறையைப் பார்த்தாள். கேலி செய்ய அவளுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. செய்யவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, அது முப்பது செகண்டுதானே. தன்னாலயே சரியாவுது. நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரியாது."

"ஒனக்குத் தெரிஞ்சிருச்சே."

"நான் சொல்ல மாட்டேன்லா."

"நீ சொல்ல மாட்டே. எனக்குத்தான் வாயி சும்மா இருக்காது. பத்து வருசம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல நானே பெருமையா சொல்லிருவேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். லாக்கை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். மணி மூன்றேகால்.

சாகுல் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினார். "முதல் வரியிலேர்ந்து வாசிங்க."

"சார், லோரி நாலு மணிக்கு..."

தேநீரை மேசையில் வைத்தார். நான் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று வரி. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான தாளை வாசித்ததில்லை. வார்னிங் வந்த இடத்தில் அவர் கை அசைந்தது. முடித்ததும் பட்டியலில் இருந்த அந்த ஒரு வரியையும் வாசித்தேன். கோப்புப் பெயர், நட்சத்திரம், கடைசியில் ராமையா.

அவர் போனை எடுத்து ஏற்றுமதிப் பிரிவை அழைத்தார். "லோரி தாஹான் டூலு," என்றார் மலாயில். லோரியை நிறுத்தி வை. அந்தப் பக்கத்தில் கத்தினார்கள், எனக்கே கேட்டது. "என் பேர்ல எழுதிக்குங்க," என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டார். மஞ்சள் உறையை எடுத்து இழுப்பறையில் போட்டார். பூட்டவில்லை, மூடினார்.

"இத நாளைக்கு நான் அனுப்ப முடியாதுண்ணே."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் வந்தீங்க." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சரி, இப்ப பேசுங்க. எப்படிப் பிடிக்கிறது இத?"

எப்படிப் பிடித்தேன் என்பதைத்தான் நான் ஆசையாக எழுத வந்தேன்.

பிரச்சினை, அது நினைத்தபோது வராது. அறுபது சர்வரையும் பிரித்து மறுபடி ஓட்டினோம். வெள்ளிக்கிழமை முழுவதும் மூன்று முறைதான் வந்தது. வராத ஒன்றை யாரிடமும் காட்ட முடியாது. இன்ஜினியர்கள் சுமையைக் கூட்டினார்கள். கூடத்தில் இருந்ததிலேயே வேகமான டிஸ்க்கைப் போட்டு, மூச்சுத் திணறத் திணற எழுத வைத்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் சனிக்கிழமை காலை முதலில் செய்தது, விளக்கு அணைந்த மூன்று முறையும் எந்தெந்தப் புரோசசர்கள் கழன்றிருந்தன என்று எழுதிப் பார்த்தது. முதலில், கழன்ற கூட்டத்தில் ஐந்தும் முப்பத்தேழும் சேர்ந்து போயிருந்தன. அடுத்தது பதினொன்றும் நாற்பத்து மூன்றும். அடுத்தது இருபதும் ஐம்பத்திரண்டும். எஸ்.ஆர்.பி.யில் நான் தேறியது கணக்கில் மட்டும் என்று சொன்னேன் அல்லவா. மூன்றிலும் வித்தியாசம் முப்பத்திரண்டு. அந்தச் சர்வரில் இரண்டு புரோசசருக்கு டிஸ்க்கில் ஒரு வரிசை. ஒன்று போனால் மற்றது பார்த்துக்கொள்ளும். இரண்டும் போனால் அந்த வரிசைக்கு ஆள் இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிய பழைய சோதனையில் இது வந்திருக்கவே முடியாது.

ஆனால் ஜோடியைத் தெரிந்துகொண்டு கழற்றினாலும் எப்போதாவதுதான் வந்தது. இங்கேதான் நான் வேலை செய்தேன். இது முறைக்கிற கதை இல்லை. கவுண்டரில் பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, அதன் பிறகு கவுண்டரை மூடிவிட்டுப் போகிற கதை. பாஸ்போர்ட் உள்ளே போயிருக்க வேண்டும், இன்னும் வெளியே வந்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் மூட வேண்டும். வேகமான டிஸ்க்கில் அந்த நேரம் கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது. அப்படியானால் வேகமான டிஸ்க் எதற்கு? ஓரத்தில் கழித்துப்போட்ட டிஸ்க்குகளின் பெட்டி ஒன்று உண்டு. அதில் கையை விட்டு, எழுதி எழுதித் தேய்ந்து போய், ஒரு எழுத்துக்கு மூச்சு வாங்குகிற ஒரு டிஸ்க்கை எடுத்தேன். எது மெதுவானது என்று எனக்குத் தெரியும். அதைக் கழித்துப்போட்டதே நான்தான்.

"அண்ணே, குப்பையப் போட்டு டெஸ்ட் பண்றீங்க," என்றாள் தனம்.

"நீ எண்ணு."

ஐந்தாம் புரோசசரின் பெயரில், டிஸ்க்கில் எழுதும் பெரிய வேலையாக ஒன்றே ஒன்று கொடுத்தேன். முப்பத்தேழைக் கழற்றினேன். விளக்கு எரிந்தது. ஐந்தைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. தனம் எண்ணினாள். முப்பதில் திரும்ப வந்தது. மறுபடி செய்தேன். மறுபடி. பத்துக்குப் பத்து. பதினோராவது முறை அவளையே செய்யச் சொன்னேன், அவள் கைக்கும் வந்தது.

"அலாமாக்," என்று மலாயில் வியந்தாள். "இனி இவர யாரு பிடிச்சு நிறுத்துறது."

கெர்னலை எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு மின்னஞ்சலில் எழுதுவது வழக்கம். சாகுல் சார் கடிதத்தை எழுதினார். அந்தத் தவறை வரவைக்க நான் செய்த ஒன்பது படிகளையும் நான் சொன்ன வரிசையில் அப்படியே சேர்த்தார். "பழைய டிஸ்க் எதுக்குன்னு காரணம் போடணுமா சார்?" என்றேன். "போட வேணாம். செஞ்சு பாத்தா அவங்களுக்கே தெரியும்," என்றார். இரண்டு நாளில் பதில் வந்தது. பெயர் மட்டும் தெரிந்த, முகம் தெரியாத ஓர் ஆள். எங்கள் படிகளை அவர் இடத்தில் செய்து பார்த்ததில் முதல் முறையே வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம் திருத்தம் வந்தது. சின்னதுதான். ஒரு வரிசையின் கடைசிப் புரோசசர் போவதற்கு முன், புது வேலையை வாங்காதே, உள்ளே இருப்பது முடியும்வரை நில். அவ்வளவுதான். கவுண்டரை மூடும் முன் கையில் உள்ள பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போ. திருத்திய கெர்னலை அறுபதிலும் போட்டு மூன்று நாள் ஓட்டினேன், இந்த முறை பட்டியலில் நட்சத்திரம் இல்லாமல். ஒரு விளக்கும் அணையவில்லை. லோரி இரண்டு வாரம் பிந்திப் புறப்பட்டது.

சாகுல் சார் தலைமையகத்துக்கு எழுதிய அறிக்கையை என்னிடம் காட்டித்தான் அனுப்பினார். 'தவறை மறைத்த வரியைச் சேர்த்தவர்: ராமையா. தவறைக் கண்டுபிடித்தவர்: ராமையா.' இரண்டும் அடுத்தடுத்த வரி. ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் எட்ட வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. இன்ஜினியர் பதவி அந்த வருடம் போயிற்று. அடுத்த வருடம் வந்தது. ஒரு வருடச் சம்பள வித்தியாசம் எனக்கு நஷ்டம்தான். வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது. பதவித் தாள் வந்த அன்று அது போய்விட்டது.

பட்டியலில் இனி வரி எண் இல்லாமல் எதையும் சேர்க்க முடியாது, ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் பழைய வரி தானே விழுந்துவிடும் என்று தனம் ஒரு காவல் நிரல் எழுதினாள். அதற்கு ராமையா விதி என்று பெயர் வைத்ததும் அவள்தான். கேலிக்காக வைத்தாள். கூடத்தில் எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரித்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. இதோ, அதற்கு ஏழு சொல் தேடுகிற ஆள்வரை வந்துவிட்டது. அதனால், அம்மா, உன் வரியைக் கணினி மறுத்தால் கோபப்படாதே. எண்ணைப் போடு.

ஒன்று மட்டும் பாக்கி. திருத்தம் கெர்னலில் சேர்ந்த நாள், மதியம், கேண்டீனில் நானும் தனமும் உட்கார்ந்திருந்தோம். சாகுல் சார் ஒரு தாளைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். திருத்தத்தோடு சேர்ந்து என்றைக்கும் இருக்கப்போகும் குறிப்பு. கீழே ஏதோ பெயர்கள் தெரிந்தன. நான் கண்ணை அங்கே ஓட்டினேன். அவர் தன் தேநீரை மேசையில் வைத்தார்.

"முதல் வரியிலேர்ந்துண்ணே."

கேண்டீனில், நாசி லெமாக் தட்டுக்கு முன்னால், என் லாக் ஆங்கிலத்தில் வாசித்தேன். வரிசை என்ன, புரோசசர் என்ன, எப்போது வேலை தொங்கிப் போகிறது என்று இருபது வரி. தனம் இரண்டு இடத்தில் உச்சரிப்பைத் திருத்தினாள். கடைசியில் பெயர்கள். எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர்கள் இருவர். அதற்குக் கீழே, 'கண்டு சொன்னவர்: ராமையா ஏ/எல் கோவிந்தன்.' அதற்கும் கீழே, 'சோதித்தவர்' என்று மறுபடி அதே பெயர். நம் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இன்னார் மகன் இன்னார் என்று முழுசாக. அந்தப் பக்கத்தில் ஏ/எல் போட்ட பெயர் என்னுடையது மட்டும்தான்.

சாகுல் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வாசிச்சாச்சு. இப்ப பேசுங்கண்ணே."

வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் காத்திருந்தார்கள், பக்கத்து மேசையில் இருந்தவர்களும் திரும்பினார்கள். சோற்றைப் பிசைந்தேன்.

"சார், இவருக்கு ஒடம்பு சரியில்லயா?" என்றாள் தனம்.

அன்றைக்குப் பேசாமல் விட்டது எனக்குள் இவ்வளவு காலம் கிடந்தது. அதையும் சேர்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.